வழி பல இருக்கலாம், ஊர் ஒன்றுதான்

என் வகுப்பு மாணவன் ஒருவனின் அறிவியல் விடைத்தாளில், ‘நீர்ச் சுழற்சியை விளக்குக’ என்ற கேள்விக்குக் கீழே ஒன்றரை வரிதான் இருந்தது. அதிலும் ‘ஆவியாதல்’ என்ற சொல்லை மூன்று முறை அடித்துத் திருத்தியிருந்தான். ஐந்துக்கு ஒரு மதிப்பெண் போட்டேன். இடைவேளையில் அவனை அருகில் உட்காரவைத்து, “குளத்துத் தண்ணீர் எங்கே போகிறது, சொல்” என்றேன். நான்கு நிமிடம் நிறுத்தாமல் பேசினான். கடல்நீர் ஆவியாகும்போது உப்பு மட்டும் ஏன் தங்கிவிடுகிறது என்று, நான் நடத்தாததையும் சேர்த்துச் சொன்னான். அவனுக்கு டிஸ்லெக்சியா. அறிவுத்திறனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் வரும் சிரமம் அது. அறிவியல் தேர்வு என்று பெயர் வைத்துக்கொண்டு நான் எழுத்துக்கூட்டலைத் திருத்தியிருக்கிறேன்.

அடுத்த பாடத்துக்கு, தெரிந்ததை எழுதலாம், பேசலாம், வரைந்து விளக்கலாம் என்று அவனுக்கு மட்டும் சலுகை கொடுத்தேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, “நான் எழுதியே கொடுத்துவிடுகிறேன்” என்றான். நல்லெண்ணத்தோடு ஒரு பிள்ளையைத் தனியே நிறுத்திவைப்பது எவ்வளவு எளிது என்று அன்று புரிந்தது.

சக்கர நாற்காலிக்காக நடைபாதையில் போட்ட சரிவில் குழந்தை வண்டி தள்ளுபவரும் பெட்டி இழுப்பவரும் ஏறுகிறார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லோருக்குமான வடிவமைப்பு என்ற கருத்தைக் கட்டடக் கலையில் வளர்த்த ரொனால்ட் மேஸ், தாமே சக்கர நாற்காலியில் இயங்கியவர். 1984இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட காஸ்ட் என்ற அமைப்பு அதே சிந்தனையைப் பாடம் நடத்துவதற்குக் கொண்டுவந்தது. சரிவை முதலிலேயே கட்டிவிட வேண்டும், எல்லோருக்குமாக. அதன்பின் எழுதுவது, பேசுவது, வரைவது என்ற தெரிவுகளை வகுப்பு முழுவதற்கும் வைத்தேன்.

ஆர்வக்கோளாறில் ஒருமுறை கரும்பலகையில் ஒன்பது தெரிவுகளை எழுதிப்போட்டேன். பாதிப் பாடவேளை தேர்ந்தெடுப்பதிலேயே போய்விட்டது. “எதற்கு மதிப்பெண் அதிகம்?” என்ற கேள்விதான் மிஞ்சியது. இப்போது இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பீட்டு அளவுகோல்; அதைத் தொடங்கும் முன்பே படித்துக் காட்டிவிடுவேன்.

இந்த இடத்தில் பலர், “ஓ, பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரிப்பதா?” என்கிறார்கள். இல்லை. அந்தப் பிரிவினைக்கேற்பக் கற்பித்தால் பயன் உண்டா என்று 2008இல் ஹரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளை அலசிவிட்டு, போதிய சான்று இல்லை என்றே எழுதினார்கள். பிள்ளைக்கு ஒரு முத்திரை குத்திவிட்டால் அவன் தேர்ந்தெடுக்க என்ன மிச்சம் இருக்கிறது?

எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்பதில்தான் ஆசிரியர் குழம்புகிறார். இந்தப் பாடத்தில் நான் எதை அளக்கிறேன் என்று ஒரு வரியில் எழுதிப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். கணக்குத் தேர்வில் கேள்வியை வாசித்துக் காட்டினால் ஒன்றும் கெட்டுப்போகாது, அளப்பது கணக்கை. வாசிப்புத் தேர்வில் அதையே செய்தால் தேர்வே இல்லை. கட்டுரைப் பாடத்தில் குரல்பதிவை வாங்கிக்கொண்டு எழுத்தை விட்டுவிட முடியாது. ஆனால் தலைப்பு அவர்களுடையதாக இருக்கலாம், முதல் வரைவை வாயால் சொல்லிப் பார்க்கலாம், கூடுதல் நேரம் தரலாம், தட்டச்சும் செய்யலாம்.

இன்னொன்று, தெரிவு சில பிள்ளைகளுக்கு ஒளிந்துகொள்ளும் மூலையாகிவிடும். ஒரு மாணவி தொடர்ந்து மூன்று முறை வரைபடத்தையே எடுத்தாள். அழகாகத்தான் இருந்தது, நானும் பாராட்டிக்கொண்டே இருந்தேன். நான்காவது முறை தனியாகக் கேட்டபோதுதான், பேசும்போது தனக்குத் திக்கும் என்று எழுதிக் காட்டினாள். பேச வேண்டாம் என்று அவளை விட்டுவிட எனக்கு மனமில்லை. எல்லோர் முன்பும் பேசு என்று சொல்லவும் மனமில்லை. வீட்டில் தனியாகப் பதிவு செய்து எனக்கு மட்டும் அனுப்பலாமா என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்து நாற்பது நொடிப் பதிவு வந்தது. பதினோரு முறை அழித்துவிட்டுப் பன்னிரண்டாவதை அனுப்பியதாகச் சொன்னாள். அதிலும் இரண்டு இடங்களில் திக்கியிருந்தது, அதை அழிக்காமலே விட்டிருந்தாள்.