வண்டி விலை இறங்கும், ஹெட்லைட் விலை இறங்காது

போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு வாட்ஸ்அப். என் தம்பியோட ஃப்ரெண்டு, அம்பத்தூர்ல சின்னதா லேத் பட்டறை வெச்சிருக்கான், நல்ல உழைப்பாளி. நாலு ஃபோட்டோ, கருப்பு கலர் ஜெர்மன் வண்டி, கிரில்லுல லோகோ பளபளன்னு இருக்கு. கீழ எழுதியிருக்கான், "அண்ணே 2017 மாடல், சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, 52 ஆயிரம் தான் ஓடியிருக்கு, 13 சொல்றாங்க, பன்னெண்டரைக்கு முடிச்சிரலாம். இல்லன்னா புதுசா ஸ்கோடா ஸ்லாவியாவோ டாட்டா நெக்ஸானோ எடுக்கணும். என்ன சொல்றீங்க?"

இந்த மாதிரி மெசேஜ் எனக்கு மாசம் மூணு நாலு வந்துரும். வர்ற எல்லாமே டாக்டர் வண்டியாவே இருக்கு, நம்ம ஊர்ல டாக்டருங்க எல்லாம் பேஷன்ட் பாக்குறத விட்டுட்டு கார் வித்துட்டு இருக்காங்களான்னு எனக்கே சந்தேகம்.

நான் மெக்கானிக் இல்ல, மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். வண்டி அடிபட்டுச்சுன்னா, தண்ணில முழுகுச்சுன்னா, ஒர்க்ஷாப் போய் பாத்து, எது மாத்தணும் எது ரிப்பேர் பண்ணா போதும், கம்பெனி எவ்வளவு தரலாம்னு ரிப்போர்ட் எழுதுறது என் வேலை. 18 வருஷமா இதான். அதனால ஷோரூம்ல வண்டி எப்படி இருக்கும்னு எனக்கு அவ்வளவா தெரியாது, பம்பர் கழட்டி வெச்சா எப்படி இருக்கும்னு நல்லா தெரியும். பேட்ஜ் வண்டியா, அதாவது லோகோவுக்கு பேர் போன சொகுசு வண்டியா, இல்ல சாதா வண்டியான்னு யார் கேட்டாலும் நான் சொல்றது அந்த எடத்துல இருந்து பாத்த விஷயம் மட்டும் தான்.

விஷயம் ரொம்ப சிம்பிள். 50 லட்சத்துக்கு வித்த வண்டி எட்டு வருஷத்துல 12 லட்சத்துக்கு வந்துரும். ஆனா அதோட ஹெட்லைட், கண்ணாடி, கியர்பாக்ஸ், சென்சார் எதுவும் 12 லட்சம் வண்டியோட ஸ்பேரா மாறாது, அது இன்னும் 50 லட்சம் வண்டியோட ஸ்பேர் தான், சொல்லப்போனா வருஷா வருஷம் ஏறிருக்கும். நீங்க 12 லட்சம் குடுத்து வாங்குறது 50 லட்சம் வண்டிய பராமரிக்கிற பொறுப்ப. இத யாரும் ஃபோட்டோவுல காட்ட மாட்டாங்க.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ஞாபகம் இருக்கும். பள்ளிக்கரணை பக்கம் ஒரே தெருவுல ரெண்டு வண்டி எனக்கு வந்துச்சு, ரெண்டுலயும் சீட் மட்டத்துக்கு தண்ணி. ஒன்னு ஏழு வருஷ பேட்ஜ் வண்டி, எந்த கம்பெனின்னு சொல்லல, தேவையில்ல. இன்னொன்னு நம்ம ஊர்ல தெருவுக்கு பத்து நிக்கிற சாதா செடான், மூணு வருஷம் ஆனது. செடானுக்கு கார்ப்பெட், ஸ்டார்டர், ஆல்டர்னேட்டர், பாடி கன்ட்ரோல் மாட்யூல், கொஞ்சம் ஒயரிங், மிச்சம் கழுவி காய வெச்சது, பில்லு ரெண்டு லட்சத்துக்குள்ள நின்னுச்சு. ஒர்க்ஷாப்ல கூட்டம் இருந்ததால ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, ஆனா வண்டி வீட்டுக்கு வந்துருச்சு.

பேட்ஜ் வண்டிய தொறந்து பாத்தா சீட்டுக்கு அடில ஆம்ப்ளிஃபையர், சீட் மாட்யூல், நடு டனல்ல ஏர்பேக் யூனிட், டிக்கி பள்ளத்துல பேட்டரி, அது பக்கத்துலயே இன்னும் ரெண்டு மூணு கன்ட்ரோல் யூனிட், எல்லாத்தையும் இணைக்கிற ஒயரிங் கார்ப்பெட்டுக்கு கீழயே ஓடுது. எஸ்டிமேட் 16 லட்சம். பாலிசில ஐடிவி, அதாவது வண்டிக்கு போட்டிருக்குற மதிப்பு, 11 லட்சம். ரிப்பேர் செலவு ஐடிவில 75 சதவீதத்த தாண்டுச்சுன்னா டோட்டல் லாஸ், ரிப்பேர் பண்ணாம மதிப்ப குடுத்து கணக்க முடிக்கிறது, இங்க அந்த கோடு எட்டே கால் லட்சம், அதுக்கு ரெண்டு மடங்கு கிட்ட நிக்குது எஸ்டிமேட். வண்டி முடிஞ்சுது.

அந்த மனுஷன் அதே வருஷம் மார்ச்ல தான் அத பதினாலரை லட்சத்துக்கு வாங்கியிருக்காரு, 10 லட்சம் லோன் போட்டு. டயரும் சஸ்பென்ஷனும் மாத்த மேல ஒன்னே கால் லட்சம். ஐடிவி 11 லட்சம், க்ளெய்ம்ல ஓனர் பங்கான கட்டாய எக்ஸஸ் 2000 ரூபா கழிச்சாச்சு, பணம் முதல்ல போறது லோன் குடுத்தவனுக்கு, பாக்கி 9 லட்சம் அங்க போச்சு. கைக்கு வந்தது ஒரு லட்சத்து தொண்ணூத்தெட்டாயிரம். கையெழுத்து போடும்போது அவர் கேட்டது ஒன்னே ஒன்னு தான், "சார், நான் வாங்கின விலைக்கு ஐடிவி போட்டிருக்கலாம்ல?" அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு ஐடிவி நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்குறது தான், ஆனா பிரீமியம் கம்மியாகணும்னு நம்ம ஆளுங்க கொறச்சு போட்டுருவாங்க, ஏஜென்ட்டும் சரின்னுருவாரு. இன்னைக்கு போய் உங்க பாலிசிய எடுத்து அந்த ஒரு நம்பர பாருங்க.

வெள்ளம் எப்பவோ வர்றது தானேன்னு கேப்பீங்க. வேளச்சேரி ஃப்ளைஓவர்ல 2024 அக்டோபர்ல மழை வரும் முன்னாடியே ஜனங்க வரிசையா கார கொண்டு போய் நிறுத்துனாங்களே, அவங்க யாரும் எப்பவோன்னு நெனச்சு நிறுத்தல. சரி அத விடுங்க, தெனமும் நடக்குறத எடுத்துக்குவோம். சிக்னல்ல முன்னாடி நின்ன டாட்டா ஏஸ் பின்னாடி லேசா ஒரு இடி. சாதா வண்டில பம்பர், ஒரு லைட்டு, பெயிண்ட், முடிஞ்சுது. பேட்ஜ் வண்டில அதே இடில எல்இடி லைட் அசெம்பிளி மொத்தமா போகும், உள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் காது ஒடைஞ்சாலும் பல வண்டிக்கு அந்த காது மட்டும் தனியா கெடைக்காது. பம்பருக்கு பின்னாடி ரேடார் இருந்தா அத மாத்தி, கம்ப்யூட்டர் வெச்சு செட் பண்ணணும், அதுக்கு தனி பில்.

இதுல இன்சூரன்ஸ் எவ்வளவு தரும்னு பாக்கணும். பார்ட் பழசுன்னு கழிக்காம தர்ற ஜீரோ டெப் கவர் இல்லன்னா பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாத்துக்கும் 50 சதவீதம் உங்க பாக்கெட்டு. வண்டிக்கு அஞ்சு வருஷம் தாண்டிட்டா மெட்டல் பார்ட்டுக்கும் 40 சதவீதம் கழிப்போம், பத்து தாண்டினா 50. கண்ணாடிக்கு மட்டும் தான் கழிவு கெடையாது. அந்த ஜீரோ டெப் கவர பல கம்பெனி அஞ்சு வருஷத்துக்கு மேல குடுக்காது, சரியா நீங்க செகண்ட்ஸ்ல பேட்ஜ் வாங்குற வயசுல அது நின்னுரும். அதாவது ஒன்னே முக்கால் லட்சம் லைட்டுக்கு பாதி நீங்க. சாதா வண்டிலயும் இதே ரூல் தான், ஆனா 14 ஆயிரம் லைட்டுக்கு பாதி 7 ஆயிரம், திட்டிட்டே கட்டிருவீங்க.

"என்ன இருந்தாலும் இன்ஜின் வேற லெவல் அண்ணே"ன்னு அடுத்து வரும். இங்க கொஞ்சம் பொறுமையா கேளுங்க. ஆடி ஏ3 செடான் 2014ல இந்தியாவுக்கு வந்துச்சு, அதுக்கு முந்தின வருஷம் புது தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா. ரெண்டுக்கும் அடிக்கட்டு ஒன்னு தான், எம்கியூபின்னு ஒரே பிளாட்ஃபார்ம், ரெண்டுலயும் 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், ரெண்டுலயும் 180 குதிரை, 250 என்எம் டார்க், ஏழு கியர் டூயல் கிளட்ச் பாக்ஸ். ரெண்டையும் பூட்டுனதும் மகாராஷ்டிரால ஔரங்காபாத் பக்கம் ஷேந்திரா ஃபேக்டரில. டிக்கி பாத்தா ஆக்டேவியா 590 லிட்டர், ஆடி 425. கூட காசு குடுத்தவனுக்கு டிக்கி சின்னது! அதுக்காக ரெண்டும் ஒன்னுன்னு சொல்ல வரல, உள்ள ஃபினிஷிங் தனி, சத்தம் அடங்கி இருக்குறது தனி, கதவு சாத்தினா வர்ற அந்த "தப்" கூட தனி தான். ஆனா நீங்க இன்ஜினுக்குன்னு நெனச்சு குடுக்குற காசுல பெரும்பகுதி இன்ஜினுக்கு போகல. லெக்ஸஸ் இஎஸ் 300எச்சும் டொயோட்டா கேம்ரியும் இதே கதை, ஒரே 2.5 லிட்டர் ஹைப்ரிட் குடும்பம், ரெண்டும் பெங்களூர் பக்கம் பிடதில பூட்டுனது.

சேஃப்டிக்காக தான் பேட்ஜ்னு சொல்றவங்களும் உண்டு. பத்து வருஷம் முன்னாடி நானே அப்படி தான் சொல்லியிருப்பேன். 2018ல நெக்ஸான் குளோபல் என்கேப் மோதல் டெஸ்ட்ல அஞ்சு ஸ்டார் எடுத்துச்சு, 2023ல ஸ்லாவியாவும் ஃபோக்ஸ்வேகன் விர்டஸும் எடுத்துச்சு, அப்புறம் மாருதி டிசையரே எடுத்துருச்சு. பேட்ஜ் இருக்கோ இல்லையோ பெல்ட் போடாதவன் ரிப்போர்ட்ட எழுதும்போது எனக்கு கை நடுங்கும், அது வேற விஷயம்.

பேட்ஜே வாங்காதீங்கன்னு நான் சொல்லல. கையில காசு இருக்கு, புதுசாவே எடுக்குறீங்க, எக்ஸ்டெண்டட் வாரண்டியும் சர்வீஸ் பேக்கேஜும் சேத்து போடுறீங்க, அது முடியறதுக்குள்ள குடுத்துருவீங்கன்னா தாராளமா எடுங்க, ராத்திரி சென்னைல கெளம்பி மதுரை போய் எறங்கும்போது முதுகு உங்களுக்கு நன்றி சொல்லும். தமிழ்நாட்டுல ரோடு டாக்ஸ் மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, 2023 நவம்பர்ல இருந்து 20 லட்சத்துக்கு மேல போற வண்டிக்கு 20 சதவீதம், 50 லட்சம் வண்டிக்கு 10 லட்சம் ஆர்டிஓவுக்கே. கல்யாண மண்டபத்துல வேலட் பையன் உங்க வண்டிய மட்டும் வாசலுக்கு முன்னாடி நிறுத்துவான், அதுக்கும் ஒரு விலை உண்டுன்னு நெனச்சு குடுத்தா எனக்கென்ன வந்துச்சு. எனக்கும் ஆச உண்டு, 2019ல அட்வான்ஸ் குடுக்குற வரைக்கும் போனேன், வீட்டம்மா "நீங்களே உங்க வண்டிக்கு டோட்டல் லாஸ் எழுதிக்குவீங்களா"ன்னு ஒரு வார்த்த கேட்டா, திரும்பி வந்துட்டேன்.

நான் பயப்படுறது இந்த 12, 13 லட்சத்துக்கு கனவு வாங்குறவங்களுக்காக. இன்னொரு விஷயம், டோட்டல் லாஸ் ஆன வண்டி எங்கயும் மறைஞ்சு போறது இல்ல. சால்வேஜ்னு, அதாவது அடிபட்ட நெலமையிலயே, ஏலத்துக்கு போகும், அத எடுக்குறவன்ல சிலர் கழட்டி ஸ்பேரா விப்பாங்க, சிலர் காய வெச்சு, செகண்ட்ஸ் மாட்யூல் போட்டு, பாலிஷ் அடிச்சு, வேற ஊர்ல நிறுத்துவாங்க. அங்க தான் டாக்டர் பொறக்குறாரு. அதனால பாக்கப் போனீங்கன்னா முதல்ல சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுங்க. எல்லாரும் கார்ப்பெட்ட மாத்துவான், சீட்ட டிரை க்ளீன் பண்ணுவான், பெல்ட்டோட கடைசி ஒரு அடி நீளத்த மட்டும் மறந்துருவான், சேத்துக் கோடு அங்க உக்காந்திருக்கும். சீட்டுக்கு கீழ ரயில் போல்ட்ல துரு இருக்கான்னு டார்ச் அடிங்க. ஸ்டெப்னி பள்ளத்துல கைய விட்டு தடவுங்க, மணல் வந்தா கெளம்பிருங்க. ஏசிய ஃபுல்லா வெச்சு அஞ்சு நிமிஷம் கண்ணாடி ஏத்தி உக்காருங்க, பெர்ஃபியூம் ரொம்ப தூக்கலா அடிச்சாலும் சந்தேகப்படுங்க.

டெல்லி வண்டின்னா இன்னும் உஷார். அங்க டீசலுக்கு பத்து வருஷ கெடுபிடி இருந்ததால சல்லிசா தள்ளி விட்டது நெறைய இங்க வந்துருக்கு, அந்த ஊர் ஆர்டிஓகிட்ட என்ஓசி (தடையில்லா சான்று) வாங்கி இங்க திரும்ப ரிஜிஸ்டர் பண்ணி லைஃப் டாக்ஸ் கட்டுன பின்னாடி கணக்கு போட்டா சல்லிசா இருக்காது. ரன்-ஃப்ளாட் டயர் வண்டி பலதுல ஸ்டெப்னியே கெடையாது, பஞ்சர் ஆனா 80 வேகத்துல 80 கிலோமீட்டர் மாதிரி போலாம், உளுந்தூர்பேட்டைல ஞாயித்துக்கெழம ராத்திரி அந்த 80 எந்தப் பக்கம் போறதுன்னு முடிவு பண்ற டென்ஷன் இருக்கே, அத நான் ஒரு தடவ பக்கத்து சீட்ல உக்காந்து பாத்துருக்கேன். அப்புறம் எந்த வண்டியா இருந்தாலும், தண்ணில நின்னு போச்சுன்னா தயவு செஞ்சு திரும்ப ஸ்டார்ட் பட்டன அமுக்காதீங்க. தண்ணி இன்ஜின் உள்ள போயிருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிரும், இன்ஜின் ப்ரொடெக்ட் கவர் இல்லன்னா அந்த பில்ல நாங்க க்ளெய்ம்ல சேக்க முடியாது. கயிறு கட்டியும் இழுக்காதீங்க, ஆட்டோமேட்டிக்னா ஃப்ளாட்பெட் லாரில ஏத்துறது தான்.

அம்பத்தூர் பையனுக்கு இவ்வளவும் டைப் பண்ணல. ஒரே ஒரு வேலை சொன்னேன். டோக்கன் குடுக்குறதுக்கு முன்னாடி கம்பெனி ஸ்பேர் கவுண்டர்ல அந்த வண்டி சேஸிஸ் நம்பர குடுத்து மூணு விலை மட்டும் கேளு, ஹெட்லைட், முன் கண்ணாடி, முன் பம்பர். அப்புறம் நெக்ஸானுக்கும் அதே மூணு கேளு. வெள்ளிக்கெழம மத்தியானம் ரெண்டு சீட்டையும் பக்கத்துல வெச்சு ஃபோட்டோ எடுத்து அனுப்பினான். பேட்ஜ் வண்டி சீட்டுல ஹெட்லைட்னு போட்டு ஒன்னு எண்பத்தஞ்சுன்னு இருந்துச்சு. கீழ கேட்டிருந்தான், "அண்ணே இது ரெண்டு லைட்டுக்கும் சேத்து தானே?"

"இடது மட்டும்"னு அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்துச்சு.