இன்னும் ஒரு சுற்று இறுக்காதீர்கள்

போன வாரமும் என்னிடம் ஒரு சைக்கிளின் கார்பன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) வந்தது. ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம் கவ்வும் இடத்தின் கீழ் விளிம்பில், ஃபோர்க்கின் மேல்தண்டான ஸ்டியரர் குழாயைச் சுற்றி மெல்லிய விரிசல். கொண்டுவந்தவன் கல்லூரிப் பையன். வெறும் ஃப்ரேமையும் ஃபோர்க்கையும் ஆன்லைனில் வாங்கி, பார்ட்ஸை மாதாமாதம் சேர்த்து, தானே கட்டிய ரோடு பைக். கேபிள் போட்ட விதம், கியர் செட்டிங் எல்லாம் சுத்தமாகவே இருந்தது. ஸ்டெம் போல்ட்டை மட்டும் கைவலிக்க இறுக்கியிருக்கிறான். ஈசிஆரில் வேகமாகப் போகும்போது அந்தக் குழாய் முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இதே இடத்தில், இதே காரணத்தால் விரிசல் விட்ட ஃபோர்க்குகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "லூஸாகிவிடக் கூடாதே என்று நல்லா டைட் வைத்தேன்." கூட இறுக்கினால் கூடப் பாதுகாப்பு என்ற இந்த எண்ணம்தான் ஃப்ரேம்களைக் கொல்கிறது. வீட்டில் இருந்த கனமான இரும்பு சைக்கிள் அதைத் தாங்கியது. கார்பன் தாங்காது. அதன் இழைகள் நீளவாக்கில் இழுத்தால் அபார வலிமை காட்டும், வளையம் போட்டு நெரித்தால் உள்ளுக்குள் நொறுங்கும். அலுமினியத்தில் பெரும்பாலும் முதலில் ஒரு நசுங்கலாவது தெரியும். கார்பனில் மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். வெளியே தெரியவில்லை என்பதால் சரியாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள்.

பெரும்பாலும் ஸ்டெம் மேலேயே 5 நியூட்டன் மீட்டர் என்பதுபோல ஓர் அளவைப் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். 10 செ.மீ. நீள ஆலன் கீயின் முனையில் சுமார் 5 கிலோ எடை தொங்கினால் வரும் முறுக்கு விசை அது. அவ்வளவுதான். சாதாரணக் கையே அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கொடுக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. "எனக்குக் கை அளவு தெரியும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வருடக்கணக்காக இதே வேலை செய்கிறேன், கார்பனில் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் நான் கை வைப்பதில்லை.

எல்லாவற்றையும் லேசாக வைக்கச் சொல்கிறேன் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஷிமானோ ஹாலோடெக் கிராங்கில், பெடல் மாட்டும் இடது தண்டின் போல்ட்டுகளுக்கு 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வேண்டும். குறைந்தால் ஓடும்போதே கழன்று வரும். பின்சக்கரத்துப் பல்சக்கரங்களைப் பிடிக்கும் கேசட் லாக்ரிங்குக்கு 40. ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஓர் அளவு உண்டு, அதைப் பார்த்து வையுங்கள்.

அடுத்தது ஸ்டெம்முக்கு மேலே இருக்கும் மூடி, டாப் கேப். அதுதான் ஃபோர்க்கைப் பிடித்திருக்கிறது என்று நினைத்து அதையும் முறுக்குகிறார்கள். அதன் வேலை, ஃபோர்க் திரும்ப உதவும் ஹெட்செட் பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பது மட்டும். ஃபோர்க்கைப் பிடிப்பது ஸ்டெம். முதலில் ஸ்டெம் போல்ட்டைத் தளர்த்தி வையுங்கள். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தபடி, தட்டல் நிற்கும்வரை டாப் கேப்பைத் திருப்புங்கள். ஹேண்டில்பார் தடையில்லாமல் திரும்புகிறதா பாருங்கள். பிறகு ஸ்டெம் போல்ட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. ஸ்டெம்மை முதலில் இறுக்கிவிட்டு டாப் கேப்போடு மல்லுக்கட்டினால் குழாய்க்குள் விரிந்து பிடித்திருக்கும் எக்ஸ்பாண்டர்தான் மேலே ஏறி வரும். எக்ஸ்பாண்டருக்குப் பதில், கார்பன் ஸ்டியரரில் பல் வைத்த ஸ்டார் நட்டை அடித்து இறக்குவது அடுத்த கொடுமை. அது இரும்புக்கும் அலுமினியத்துக்கும்தான், கார்பன் சுவரைக் கீறிவிடும்.

சீட் போஸ்ட் கீழே இறங்குகிறதா? அப்போதும் இறுக்காதீர்கள். 27.2 மி.மீ. போஸ்ட் கேட்கும் ஃப்ரேமில் 27.0 போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அளவு சரியாக இருந்தால், கார்பனுக்கென்றே வரும் பேஸ்ட்டைத் தடவுங்கள். அதிலுள்ள நுண்மணல் வழுக்கலைத் தடுக்கும், குறைந்த இறுக்கத்திலேயே நிற்கும். கிரீஸ் வேண்டாம். ஆனால் இரும்பு ஃப்ரேமில் அலுமினியப் போஸ்ட் என்றால் கிரீஸ் கட்டாயம். சென்னை மாதிரி கடற்கரை ஊரில் உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து இரண்டையும் ஒட்டவைத்துவிடும். அப்படி ஒட்டிய போஸ்ட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

முதல்முறை கட்டுபவர்களுக்கு என் வேண்டுகோள், கிராங்க் சுழலும் பாட்டம் பிராக்கெட் பிரஸ்-ஃபிட்டாக (மரை இல்லாமல் அழுத்திப் பொருத்துவதாக) உள்ள ஃப்ரேமை வாங்காதீர்கள். பேரிங்கை நேராக அழுத்தத் தனிக் கருவி வேண்டும். சுத்தியலால் தட்டி இறக்கினால் கோணலாகும், பிறகு வாழ்நாள் முழுக்க கிரீச் சத்தம். 68 மி.மீ. பிஎஸ்ஏ என்ற மரை வகை உள்ள ஃப்ரேமை வாங்குங்கள். அதில் செயின் பக்கம் திருகும் பேரிங் கப்புக்கு இடது மரை, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் இறுகும். இடது பெடலும் அப்படியே. தெரியாமல் எதிர்ப்பக்கம் திருகி மரையைத் தின்ற ஃப்ரேம்கள் நிறையப் பார்த்துவிட்டேன். கையாலேயே இரண்டு மூன்று சுற்று சுலபமாக ஏறாவிட்டால் நிறுத்துங்கள்.

சீட் போஸ்ட் குறைந்தபட்சம் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று காட்டும் கோடு வெளியே தெரியக் கூடாது. ஹேண்டில்பார் கவ்வும் நான்கு போல்ட்டையும் குறுக்காக இறுக்குங்கள், மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்கட்டும், ஸ்டெம்மைச் செய்தவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தவிர. முதல் சவாரி தெருவுக்குள்ளேயே இருக்கட்டும். வந்ததும் எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்ச்சால் பாருங்கள்.

ஏற்கெனவே கையால் இறுக்கிக் கட்டிவிட்டீர்களா? இன்று ஓட்டாதீர்கள். ஸ்டெம்மைக் கழற்றி, ஸ்டியரரை ஈரத்துணியால் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் சுற்றிலும் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் கோடு, வெளுத்த வளையம், அமுங்கிய தடம், இதில் எது இருந்தாலும் அருகிலுள்ள நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள். அந்த ஃபோர்க்கை இரண்டாம் கையாக இன்னொருவருக்கு விற்கவும் செய்யாதீர்கள்.