கத்திரி வெயிலில் பாம்பு முட்டை

கார்ன் ஸ்னேக் என்னும் அமெரிக்கப் பாம்பின் வளர்ப்பில் முட்டை வருவது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில். சென்னையில் அது கத்திரி வெயில் காலம். முட்டைக்கு வேண்டியதோ 28 டிகிரி. குளிர்நாட்டுக் குறிப்புகள் சூடேற்றும் வழியைச் சொல்லும். நமக்குத் தலைவலியே சூடுதான். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுக்கு ஹீட்டரை அணைக்கத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறையில் 34 டிகிரி என்றால், ஹீட்டர் அணைந்து கிடந்தாலும் முட்டைப் பெட்டிக்குள்ளும் 34தான். 32-ஐத் தாண்டிய சூடு நாள்கணக்கில் நீடித்தால் கரு செத்துப்போகலாம். தப்பிப் பொரிக்கும் குட்டிக்கு முதுகெலும்பு கோணலாம்.

அதனால் அறையை ஏசியில் 26 டிகிரியில் நிறுத்தி, தெர்மோகோல் பெட்டிக்குள் ஹீட்டிங் மேட் வைத்து 28-க்கு ஏற்றுவதே நம்பகமான வழி. மீன் கடைக்கு வரும் பெட்டியே போதும், நன்றாகக் கழுவிக் காயவைத்தால். தெர்மோஸ்டாட்டின் சென்சாரைப் பெட்டியின் சுவரில் ஒட்டாமல் முட்டைகளின் பக்கத்திலேயே வையுங்கள். அடியில் நாலைந்து தண்ணீர் பாட்டில்களை அடுக்கினால், கரண்ட் போனாலும் சூடு சட்டென்று மாறாது.

தாய்ப்பாம்புக்கு 3 வயதும் 300 கிராம் எடையும் ஆகுமுன் இணை சேர்க்காதீர்கள். சினையான பாம்பு சட்டை உரித்த சுமார் பத்தாம் நாள் முட்டையிடும். சட்டையைக் கண்டதுமே, பாம்பு சுருண்டு படுக்குமளவு இடமுள்ள மூடிய டப்பாவில் ஈரமான கோகோபீட் போட்டு வையுங்கள். கையில் அள்ளிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. டப்பா இல்லாவிட்டால் தண்ணீர்த் தொட்டியிலேயே முட்டையிட்டுவிடும். அல்லது இடாமல் அடக்கிக்கொள்ளும். பாதி முட்டை வெளிவந்து, மீதி வயிற்றில் மேடாகத் தெரிந்தபடி ஒரு நாளுக்கு மேல் நின்றால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அமுக்கித் தள்ளவே கூடாது, கருக்குழாய் கிழியும்.

முட்டை கிடந்த நிலையிலேயே மேல்பக்கம் பென்சிலால் புள்ளி வைத்து, புரட்டாமல் எடுங்கள். கோழி முட்டை போல இதைத் திருப்பக் கூடாது. கரு மேல் ஓட்டோடு ஒட்டி வளர்கிறது, பிறகு புரண்டால் மூழ்கிவிடும். ஒட்டிக்கொண்டவற்றைப் பிரிக்க முயல வேண்டாம். மஞ்சளாய், சின்னதாய், கெட்டியாய் இருப்பது கூமுட்டை.

ஈரம் பிடித்துவைக்கும் தாதுத் துகளான வெர்மிகுலைட்டையும் தண்ணீரையும் சம எடையில் கலந்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு, அதில் முட்டையைப் பாதியளவு புதையுங்கள். பூசணத்தைவிட நான் அதிகம் அஞ்சுவது மூடியில் கோக்கும் நீர்த்துளியை. ஒரே முட்டைமேல் சொட்டிக்கொண்டே இருந்தால் அந்த இடம் நனைந்து, கருவுக்கு மூச்சு முட்டும். மூடியைச் சற்றுச் சரித்து வைத்தால் நீர் ஓரமாக வழிந்துவிடும். ஓடு குழிந்தால் ஈரம் போதவில்லை. முட்டைமேல் தெளிக்காமல், வெர்மிகுலைட்டின் ஓரத்தில் வெதுவெதுப்பான நீர் விடுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் லேசாகக் குழிவது இயல்பு.

சுமார் 60 நாளில் குட்டி ஓட்டைக் கீறித் தலையை நீட்டும். மஞ்சள் கருவை உறிஞ்சியபடி ஒன்றிரண்டு நாள் அப்படியே கிடக்கும். இழுத்து வெளியே எடுக்காதீர்கள்.

முட்டையிட்டு மெலிந்த தாய்க்கு, வழக்கத்தைவிடச் சின்ன எலியாக ஐந்து நாளுக்கு ஒன்று கொடுங்கள். முதுகெலும்பு துருத்துவது மறைந்த பிறகே பழைய அளவு.

இதெல்லாம் அமெரிக்கப் பாம்பான கார்ன் ஸ்னேக்குக்கு. சாரை, மலைப்பாம்பு முதலிய நம்மூர்ப் பாம்புகளை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; அவற்றைப் பார்க்கக் கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போகலாம்.