ஆன்கா நெகட்டிவ், சலத்தில் இரத்தம்

வெள்ளவத்தையிலிருந்து வந்த அக்காவின் ஃபைலில் ஆறு மாத ரிப்போர்ட்டுகள். காலையில் மூக்குச் சிந்தினால் இரத்தமும் பொருக்கும். பீனிசம் என்று மூன்று தரம் அன்டிபயோட்டிக். இப்போது கணுக்காலைச் சுற்றி, விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள்.

"ஆன்கா இரத்தப் பரிசோதனை எடுத்தாச்சு டொக்டர், நெகட்டிவ். அப்ப இரத்தக்குழாய் அழற்சி இல்லைதானே?"

"சலம் பார்த்தவையா அக்கா?"

ஒருவரும் பார்க்கவில்லை. அன்றே பார்த்தோம்: இரத்தம் மூன்று பிளஸ், புரதம் இரண்டு பிளஸ். சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் ஏறும் கிரியட்டினின் 3.8. சிறுநீரகத்தில் எடுத்த திசுத்துண்டு மிச்சத்தைச் சொல்லிவிட்டது: இரத்தக்குழாய் அழற்சியேதான்.

இந்த ஆண்டில் இப்படி எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஆன்கா என்பது நம் வெள்ளணுக்களையே குறிவைக்கும் பிறபொருளெதிரி. அது இல்லாமலும் இந்த நோய் வரும். சிறுநீரகத்தைத் தாக்கும் வகையிலேயே சுமார் பத்தில் ஒருவருக்கு நெகட்டிவ். மூக்கு, சைனஸோடு நிற்கும்போது நெகட்டிவ் இன்னும் அதிகம். ஆஸ்துமாவோடு ஈயோசினோபில் என்ற வெள்ளணு கூடி வரும் வகையில் பாதிப் பேருக்கு மேல் நெகட்டிவ். தகயாசு போன்ற பெரிய இரத்தக்குழாய் நோய்களைப் பிடிக்க இந்தப் பரிசோதனையே உதவாது. ஆக, நெகட்டிவ் தாள் யாருக்கும் விடுதலைப் பத்திரம் அல்ல. இதை நோயாளிகளுக்குச் சொல்கிறேனா, சக வைத்தியர்களுக்கா என்று கேட்காதீர்கள்.

பொசிட்டிவ் வந்தாலும் அவசரப்படக் கூடாது. காசநோய், இதய வால்வுத் தொற்று, பெருங்குடல் புண் அழற்சி, புரோபைல்தியோயூராசில் என்ற தைரொயிட் குளிசை, பிரஷருக்கான ஹைட்ரலசின் எல்லாமே ஆன்காவைப் பொசிட்டிவ் ஆக்கும். காசநோயை இரத்தக்குழாய் நோய் என்று நினைத்து ஸ்டீரொய்ட் கொடுத்தால் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ரிப்போர்ட்டில் 'பி-ஆன்கா' என்று, நுண்ணோக்கியில் தெரிந்த சாயக் கோலத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. ஆன்கா குறிவைக்கும் புரதங்களான பி.ஆர்.3, எம்.பி.ஓ இரண்டுக்கும் எதிரான பிறபொருளெதிரியை அளந்தார்களா என்று கேளுங்கள். 2017இல் வந்த சர்வதேச இணக்க அறிக்கையும் இந்த இரண்டையும்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது.

சிகிச்சை தொடங்கியபின் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் ஆன்கா இலக்கத்தைத் துரத்திக்கொண்டு லேப்புக்கு ஓடவும் வேண்டாம். இலக்கம் ஏறியது என்பதற்காக மட்டும் நான் மருந்தைக் கூட்டுவதில்லை. சுகமாக இருக்கிறதென்று ஸ்டீரொய்டை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தயவுசெய்து.

ஆறாத பீனிசம், இருமலில் இரத்தம், திடீரென்று தூக்க முடியாமல் தொங்கி விழும் பாதம், மறையாத புள்ளி: இதில் ஏதாவது இருந்தால் முதலில் சலம், கிரியட்டினின். ஆன்கா ரிப்போர்ட் வர நாட்கள் ஆகும். சலத்தில் தோய்க்கும் பட்டி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும். இந்த நோயில் சிறுநீரகம் சில வாரங்களிலேயே போய்விடும்.

வரும்போது குடிக்கிற குளிசைகளின் பெட்டிகளையும் கொண்டுவாருங்கள். 'சின்ன வெள்ளைக் குளிசை' என்றால் எனக்கு விளங்காது, கொழும்பில் பாதிக் குளிசை வெள்ளைதான்.