இன விழாவா, குடிமரபு விழாவா?

‘இன விழாவுக்கு அனைவரும் இன உடையில் வருக.’ கைப்பேசிக்கு வந்த அழைப்பிதழில் இப்படித்தான் இருந்தது. என் இனத்துக்கென்று தனியாக ஓர் உடை உண்டா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அப்புறம்தான், ‘எத்னிக் டே’யைத் தமிழாக்கியிருக்கிறார்கள் என்று விளங்கியது. முதல் தடவை என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இன உணவு, இன இசை, இனத் திருவிழா என்று பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

எத்னிக் என்பதன் வேர் ‘எத்னோஸ்’ என்ற கிரேக்கச் சொல். கூட்டம் என்று பொருள். ஹோமர் தேனீக்கூட்டத்துக்கும் அதைச் சொன்னார். பிறகு யூத மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ‘பிற மக்கள்’ என்ற பொருளில் எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்திலும் அது நெடுநாள் ‘வேற்றுச் சமயத்தான்’ என்றே வழங்கியது. இதே விழாக்களுக்கு வைக்கும் இன்னொரு பெயரான ‘ஃபோக்’ என்பது வெறும் ‘மக்கள்’. மக்கள் வழக்காறுகளைக் குறிக்கும் ‘ஃபோக்லோர்’ என்ற கூட்டுச்சொல்லை ஆங்கில எழுத்தாளர் வில்லியம் தாம்ஸ் 1846இல் உருவாக்கியபோது, அயல்வேர்ச் சொல்லைத் தள்ளிவிட்டுத் தன் மொழியின் பழஞ்சொற்களை ஒட்டவைத்தார். தனித்தமிழ்க்காரர்களைக் கேலி பேசுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

சரி, இன விழாவில் என்ன கோளாறு? ‘இனக்குழு, இனவரைவியல் (எத்னோகிராஃபி) எல்லாம் நிலைத்துவிட்டனவே, அதே வரிசையில் இதுவும் இருந்தால் என்ன’ என்பார்கள். இனக்குழுவில் ‘குழு’ பின்னால் நின்று பொருளைப் பிடித்துக்கொள்கிறது. அதை எடுத்துவிட்டால் இனம் எங்கே வேண்டுமானாலும் ஓடும். நெல்லில் இனம் உண்டு, மாட்டில் இனம் உண்டு, செலவுக் கணக்கில்கூட ‘இனம்’ என்றொரு பத்தி உண்டு. மனிதரைப் பற்றிச் சொல்லும்போதோ இனவெறி, இனக்கலவரம், இனப்படுகொலை ஆகியவைதான் முதலில் நினைவுக்கு வருகின்றன. பாட்டும் ஆட்டமுமாகப் பலர் கூடும் விழாவுக்கு இந்தச் சகவாசம் தேவையா? ‘சிற்றினம் சேராமை’ அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லும் இனம், ஒருவன் சேர்ந்திருக்கும் கூட்டம். அந்தக் கூட்டத்தை வைத்துத்தான் அவன் இன்னான் என்று உலகம் சொல்லும் என்கிறார். சொல்லுக்கும் அதே கதிதான்.

நாகாலாந்தில், கோஹிமாவுக்கு அருகே கிசாமாவில் 2000 முதல் டிசம்பர்தோறும் நடக்கும் ஹார்ன்பில் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்களின் பல குடியினர் தத்தம் மொருங் (இளைஞர் கூடித் தங்கும் மரபு இல்லம்) கட்டி, தங்கள் ஆட்டத்தையும் சமையலையும் காட்டுகிறார்கள். ஹார்ன்பில் என்ற பறவைக்குத் தமிழில் இருவாட்சி என்ற நல்ல பெயர் இருக்கிறது, ‘இருவாட்சி விழா’ என்று சொல்லிவிடலாம். அதையும் ‘நாகா இன விழா’ ஆக்கினால், அங்கே கூடும் குடிகளின் வேறுபாடு அத்தனையும் ஒரே சொல்லில் நசுங்கிவிடுகிறது. ‘பழங்குடி விழா’ அங்கே பொருந்தும். ஆனால் புலம்பெயர்ந்து வந்து ஒரே நகரில் வாழும் பல நாட்டவர் சேர்ந்து எடுக்கும் விழாவுக்குப் பொருந்தாது.

‘நாட்டுப்புற விழா’ எனக்கு உவப்பில்லை. நாட்டுப்புறத்தான் என்பது இன்னும் வசைதான், நகரத்து மக்களுக்கும் மரபுகள் உண்டு. ஆய்வாளர்களில் ஒரு சாரார் ஃபோக்குக்கு ‘நாட்டார்’ என்பதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சோழர் கல்வெட்டுகளில் நாட்டார் என்றால் நிலம் வைத்திருந்து நாட்டுச் சபையில் அமர்ந்தவர்கள். எளிய மக்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது கொஞ்சம் வேடிக்கை.

சரியான சொல் குடி. ‘துடியன் பாணன் பறையன் கடம்பன்’ என்ற நான்கைத் தவிர வேறு குடியில்லை என்று புறநானூறு (335) எண்ணும் அதே குடி. சாதி வாடை அடிக்கிறதே என்பார்கள். இனத்தில் மட்டும் என்ன மல்லிகையா மணக்கிறது? சிக்கல் வேறிடத்தில். ‘குடி விழா’ என்று அச்சடித்தால் வருகிறவர்கள் வேறு மாதிரி ஆட்களாக இருப்பார்கள். அதனால் குடிமரபு விழா. மரபு நடுவில் வந்ததும் போதை தெளிந்துவிடுகிறது, ஃபோக், எத்னிக் இரண்டும் அடங்கிவிடுகின்றன. உடைக்கு ‘மரபுடை’ போதும்.

விழாவுக்கு முன் ‘திரு’வும் வேண்டாம். கோயில் கொடியேற்றத்தில் இருந்த திரு, இப்போது தள்ளுபடிக்கும் புத்தகத்துக்கும் உணவுக்கும் போய் ஒட்டிக்கொண்டு தேய்ந்துவிட்டது. இதற்கு இன்னும் பழைய சொல் சாறு. பல மொழி பேசும் புலம்பெயர் மாக்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து வாழ்ந்ததைச் சொல்லும் பட்டினப்பாலை, சுற்றத்தார் ‘சாறு அயர் மூதூர்’, அதாவது விழா நடக்கும் பழைய ஊர், சென்று கூடியதுபோல என்று உவமை சொல்கிறது. நம் விழாவுக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடைக்காது. ஆனால் யார் காதில் இன்று சாறு விழாவாக ஒலிக்கும்? குடியோடு சேர்த்தால் ‘குடிச்சாறு’. வேண்டவே வேண்டாம்.

அழைப்பிதழ் தயாரித்தவரிடம் கேட்டேன். கணினி தந்ததை அப்படியே போட்டதாகச் சொன்னார். கணினிக்குக் கற்றுக்கொடுத்தது நம்மவர்கள் எழுதிக் குவித்த மொழிபெயர்ப்புகள்தானே என்றேன். மறுநாள் திருத்திய அழைப்பிதழ் வந்தது: ‘எத்னிக் விழாவுக்கு எத்னிக் உடையில் வருக.’ முதலாவதைவிட இது தேவலை என்றுதான் தோன்றியது.