டெட் ரிங்கர்: பந்தயக் குதிரை கொடுத்த சொல்

‘டெட் ரிங்கர்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘செத்த மணியடிப்பவர்’ என்று வரும். அப்படி ஒருவரும் கிடையாது. ஒரு பையனைப் பார்த்து ‘அப்படியே அவங்கப்பாவை உரிச்சு வச்ச மாதிரி இருக்கான்’ என்கிறோமே, அதைத்தான் ஆங்கிலத்தில் இந்த இரண்டு சொற்களால் சொல்கிறார்கள். பிபிசி வானொலி 4-ல் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு நகைச்சுவை நிகழ்ச்சிக்கு ‘டெட் ரிங்கர்ஸ்’ என்று பெயர். பிரதமர் முதல் செய்தி வாசிப்பவர் வரை எல்லோர் குரலிலும் பேசிக் காட்டுகிற நிகழ்ச்சி. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்துக்கொண்டே போனால், ‘இம்பர்சனேஷன்’ என்ற சொல்லுக்கு நாம் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் ‘ஆள்மாறாட்டம்’ இந்த இடத்துக்குப் பொருந்தவே இல்லை என்பது தெரியவரும்.

முதலில் ஒரு கட்டுக்கதையைத் தள்ளிவிடலாம். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அந்தக் காலத்தில் சவப்பெட்டிக்குள் கயிறு கட்டி மேலே மணி தொங்கவிட்டார்களாம், விழித்துக்கொண்டவர் மணியை அடித்தாராம், அதனால்தான் ‘டெட் ரிங்கர்’ என்று இணையத்தில் சுற்றும் கதை அது. மணி வைத்த சவப்பெட்டிகள் 19-ஆம் நூற்றாண்டில் உண்மையிலேயே உருவாக்கப்பட்டன, காப்புரிமைகூட வாங்கினார்கள். ஆனால் அதற்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பு இல்லை. இதில் வரும் ‘டெட்’ சாவைக் குறிப்பதே அல்ல, ‘சரியாக, துல்லியமாக’ என்பதுதான் பொருள். ‘டெட் சென்டர்’ என்றால் நட்டநடு. நம் ‘நட்ட’ செய்யும் வேலையைத்தான் அங்கே ‘டெட்’ செய்கிறது.

‘ரிங்கர்’ வந்த வழிதான் சுவையானது. இங்கிலாந்துத் தேவாலயங்களில் பல மணிகளை ஒவ்வொரு முறையும் வரிசை மாற்றி மாற்றி அடிக்கும் வழக்கம் உண்டு. அந்த ‘மாற்றி அடித்தல்’ திருடர் பேச்சுக்குள் போய், நல்ல பொருளை எடுத்துக்கொண்டு கெட்டதை அதே இடத்தில் வைத்துவிடுவது என்று ஆகிவிட்டது. 1812-லேயே, ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டிருந்த ஜேம்ஸ் ஹார்டி வோக்ஸ் என்ற கைதி எழுதிய திருடர் சொற்பட்டியலில் ‘ரிங்’ இந்தப் பொருளில் இருக்கிறது. அப்புறம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் ‘ரிங்கர்’ நிலைத்தது. ஓடத் தெரியாத குதிரையின் பெயரைப் பதிவு செய்து வைத்துவிட்டு, அதைப்போலவே இருக்கும் வேகமான குதிரையை ஓடவிட்டுப் பந்தயப் பணத்தை அள்ளுவார்கள். அந்த மாற்றுக் குதிரைதான் ரிங்கர்.

இது ஏதோ பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1984 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஃபைன் காட்டன் என்ற சுமாரான குதிரைக்குப் பதிலாக போல்டு பெர்சனாலிட்டி என்ற நல்ல குதிரையை இறக்கினார்கள். நிறம் ஒத்துவரவில்லை என்று தலைமுடிச் சாயம் பூசினார்கள், ஃபைன் காட்டனின் கால்களில் இருந்த வெள்ளைக்காக இதன் கால்களுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள். குதிரை ஜெயித்துவிட்டது, ஆனால் பெயிண்ட் வழிந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த கூட்டமே ‘ரிங்-இன்!’ என்று கத்தியது. இன்றைக்கும் பிரிட்டனில் திருட்டுக் காருக்கு வேறு காரின் அடையாளத்தை மாட்டி விற்றால் அந்தக் காருக்கு ‘ரிங்கர்’ என்றே பெயர்.

ஆக, பிறப்பால் இது ஏமாற்று வேலையின் சொல். தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்துவது ஆள்மாறாட்டம், அதாவது குதிரை ஆள்மாறாட்டம். நமக்கும் இந்தச் சொல் வாக்குச்சாவடியிலும் தேர்வு அறையிலும் புழங்குவது. 2019-ல் வெளிவந்த நீட் ஆள்மாறாட்ட வழக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். சட்டத் தமிழில் ‘இம்பர்சனேஷன்’ என்றாலே ஆள்மாறாட்டம்தான், அங்கே அது மிகச் சரியான சொல். சிக்கல் எங்கே என்றால், வானொலியில் பிரதமரின் குரலில் பேசி நம்மைச் சிரிக்க வைப்பவரையும் ஆங்கிலம் அதே சொல்லால் அழைக்கிறது. நாமும் அகராதியைப் பார்த்து ‘பிரதமரை ஆள்மாறாட்டம் செய்தார்’ என்று எழுதினால், படிப்பவர் போலீஸ் எப்போது வந்தது என்றுதான் கேட்பார்.

வேறுபாடு செய்பவரிடம் இல்லை, கேட்பவரிடம் இருக்கிறது. கேட்பவருக்குத் தெரியாமல் நடந்தால் ஆள்மாறாட்டம். தெரிந்தே ரசித்தால் அது கலை. ஒரே நிகழ்வில் இரண்டும் இருக்கலாம். பிற்பாடு டெட் ரிங்கர்ஸின் முக்கியக் குரலான ஜான் கல்ஷா, 1998-ல் ஒரு லண்டன் வானொலிக்காக, அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் வில்லியம் ஹேக்கின் குரலில் பிரதமர் இல்லத்துக்குத் தொலைபேசினார். இணைப்பகத்தில் நம்பி டோனி பிளேரிடமே இணைப்பைக் கொடுத்துவிட்டார்கள். பிளேர் ஏமாறவில்லை, ஆனாலும் பேசினார். அழைப்பை இணைத்தவருக்கு அது ஆள்மாறாட்டம், வானொலியில் கேட்டவர்களுக்கு நகைச்சுவை. அதற்கும் 50 ஆண்டுகளுக்கு முன்பு, வாய்ப்புக்கு அலைந்துகொண்டிருந்த பீட்டர் செல்லர்ஸ், அன்று புகழோடு இருந்த வானொலிக் கலைஞர் கென்னத் ஹார்ன் பேசுவதுபோல் ஒரு பிபிசி தயாரிப்பாளருக்குத் தொலைபேசி, ‘பீட்டர் செல்லர்ஸ் என்று ஒரு பையன், பிரமாதமாகச் செய்கிறான்’ என்று தன்னையே சிபாரிசு செய்துவிட்டு, உடனே உண்மையையும் ஒப்புக்கொண்டார். வாய்ப்பு கிடைத்தது. ஆள்மாறாட்டமாகத் தொடங்கியது, ஒப்புக்கொண்ட நொடியில் திறமைக்குச் சான்றாகிவிட்டது பாருங்கள்.

சரி, அந்தக் கலைக்கு என்ன சொல்? மேடையில் நாம் சொல்வது மிமிக்ரி. கிரேக்கத்தில் ‘மிமோஸ்’ என்றால் போலச் செய்து காட்டும் நடிகர், அதன் வழி வந்தது. இதற்குத் தமிழில் ‘பலகுரல்’ நன்றாகவே நிலைத்துவிட்டது, ‘பலகுரல் கலைஞர்’ என்றால் யாருக்கும் புரியும். ஆனால் அந்தச் சொல் எத்தனை குரல் என்றுதான் சொல்கிறது, யாருடைய குரல் என்று சொல்லவில்லை. ரயில் சத்தமும் குயில் கூவலும் பலகுரலில் அடங்கும். ஒரே ஒரு தலைவரின் குரலை மட்டும் எடுத்து அரை மணி நேரம் பேசுபவரைப் பலகுரல் என்பது இடிக்கிறது. ‘குரல்போலி’ என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். இலக்கணத்தில் போலி என்பது நல்ல சொல்தான், அகம் ‘அகன்’ ஆனாலும் பொருள் மாறாது, அது கடைப்போலி. ஆனால் போலி மருந்து, போலி டாக்டர் என்று பேச்சு வழக்கில் அந்தச் சொல் கெட்டுப்போய்விட்டது. திரும்பவும் குதிரை லாயத்துக்கே போய் நிற்கும்.

என் மனதுக்கு நிறைவாக இருப்பது ‘குரல்வேடம்’. கூத்தில் துரியோதனன் வேடம் கட்டி வருபவர் யார் வீட்டுப் பிள்ளை என்று ஊருக்கே தெரியும், தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம். நமக்கு வேண்டியது அந்த ஒப்பந்தம்தான். வானொலியில் முகப்பூச்சு கிடையாது, உடை கிடையாது, குரல் ஒன்றுதான் வேடம். வினையும் கையோடு கிடைக்கிறது: ‘ஹேக்கின் குரல்வேடம் கட்டினார்.’

இந்த ஒப்பந்தத்தை நம்பாத காலமும் பிபிசிக்கு இருந்தது. 1940-களின் இறுதியில் நகைச்சுவைத் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்த வழிகாட்டிக் கையேட்டில், ஒருவரின் குரலில் பேச வேண்டுமானால் அவரிடமே அனுமதி வாங்க வேண்டும் என்று இருந்தது, சர்ச்சில் போன்ற மூத்த அரசியல் தலைவர்களைத் தொடவே கூடாது என்றும் இருந்தது. அந்த இறுக்கமான காலத்தில் அறிபுனை, அதாவது அறிவியல் புனைகதை, நல்ல ஒதுங்கிடமாக இருந்தது. 1954 டிசம்பரில் பிபிசி தொலைக்காட்சி ஆர்வெல்லின் ‘1984’ நாவலை நாடகமாக்கியது. அடுத்த மாதமே வானொலியில் ‘தி கூன் ஷோ’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சி அதை ‘1985’ என்று பகடி செய்தது. எல்லோரையும் கண்காணிக்கும் அந்தக் கொடிய அமைப்பு அங்கே பிபிசியாகவே மாறியிருந்தது.

பகடி என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். ‘பாரடி’ கிரேக்கத்தில் ‘பாட்டின் பக்கத்தில் வைத்த பாட்டு’. அப்படியே பெயர்த்தால் பக்கப்பாட்டு என்று வரும், தமிழில் அது ஆமாம் போடுவதைக் குறித்துவிடும். எசப்பாட்டு கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஆனாலும் பகடி ஊன்றிவிட்டது, அறிபுனைப் பகடி என்று தாராளமாக எழுதலாம். குரல்வேடமும் பகடியும் ஒன்றல்ல என்பதை மட்டும் மறக்க வேண்டாம். குரலை அப்படியே எடுப்பது வேடம். அந்தக் குரலைப் பொருந்தாத இடத்தில் கொண்டுபோய் வைப்பது பகடி. டெட் ரிங்கர்ஸில் வானொலி 4-இன் கண்ணியமான செய்தி வாசிப்பாளராக இருந்த பிரையன் பெர்கின்ஸின் வேடத்தில் வருபவர் அதே அமைதியான குரலில் ரவுடி மாதிரி மிரட்டுவார். குரலில் ஒரு மாற்றமும் இருக்காது, ஆனால் இடம் அடியோடு மாறியிருக்கும்.

நிகழ்ச்சியை உருவாக்கிய பில் டேருக்கு இது வீட்டுச் சொத்து என்றே சொல்லலாம். 1978-இன் புகழ்பெற்ற அறிபுனை வானொலி நகைச்சுவையான ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு’ நாடகத்தில், கதையில் வரும் விண்வெளிப் பயணக் கையேட்டின் குரலாக ஒலித்த பீட்டர் ஜோன்ஸ்தான் அவருடைய அப்பா. 2025-ல் பில் டேர் இறந்துபோனார்.

கல்ஷாவின் பேர்பெற்ற குரல்வேடம் ‘டாக்டர் ஹூ’ என்ற அறிபுனைத் தொலைக்காட்சித் தொடரின் நான்காவது டாக்டர், 1974 முதல் 1981 வரை டாம் பேக்கர் நடித்த பாத்திரம். விண்வெளியையும் காலத்தையும் பற்றி முழங்கும் அந்தக் கனத்த குரலில், அன்றாட வேலைகளைச் செய்துகொண்டிருக்கும் யாருக்காவது தொலைபேசுவார். ஒருமுறை டாம் பேக்கருக்கே தொலைபேசித் தன்னை டாக்டர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். ஏதோ தவறு நடந்திருக்கிறது, டாக்டர் நான்தான் என்று மறுமுனையில் அதே குரல் பதில் சொன்னது.