எந்த ஊரில் செலவு அதிகம் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

திருநெல்வேலியிலிருந்து புனேக்கு மாற்றலாகிப் போகவிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அரசு மாதாமாதம் வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் மாநிலவாரியாகவும் வருகிறதே. இரண்டு மாநிலத்து எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது பெரிதோ அங்கேதான் செலவு அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாமா?"

எடுத்துக்கொள்ளக் கூடாது. நன்றாகப் படித்தவர்களும் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள், அதனால் முதலில் இதை முடித்துவிடுவோம். குறியீட்டெண்ணுக்கு ஓர் அடிப்படை ஆண்டு உண்டு. நீண்ட காலம் அது 2012 ஆக இருந்தது. அந்த ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் 100, மகாராஷ்டிரத்துக்கும் 100, பீகாருக்கும் 100. அன்றைக்கே ஓர் ஊரின் வாடகை இன்னோர் ஊரைப்போல் இரண்டு மடங்கு இருந்திருந்தாலும் இரண்டுக்கும் 100தான். இரண்டு பிள்ளைகளின் ஐந்தாம் பிறந்தநாள் உயரத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் பிறந்தநாளில் ஒருவனுக்கு 130, இன்னொருவனுக்கு 125 என்றால் யார் வேகமாக வளர்ந்தான் என்பது தெரியும். யார் உயரம் என்பது தெரியாது.

ஊருக்கு ஊர் ஒப்பிட வேறு கணக்கு வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் அது ரொம்பச் சுலபம். ஒரு பை நிறைய சாமான், இரண்டு ஊர் விலை, வகுத்தால் விடை. ஆனால் யாருடைய பை? இந்தக் கேள்வியின் ஆழத்தை எனக்குக் காட்டியது என் அக்கா வாங்கிய இட்லி அரிசி.

அத்தானின் வேலைக்காக அக்கா மதுரையிலிருந்து லூதியானாவுக்குப் போன முதல் வருடம், போனில் பாதிப் பேச்சு விலையைப் பற்றித்தான். "இட்லி அரிசி கிடைக்கிறதே பெரிய விஷயம்டா. கிடைச்சாலும் யானை விலை சொல்றான்" என்பாள். அதே வருடம் அவளுடைய பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா, மதுரையில் வேலை பார்த்த மகனோடு இரண்டு மாதம் தங்கிவிட்டுத் திரும்பினார். அவர் சொன்னது நேர் எதிர்: "உங்கள் ஊரில் ஆட்டா என்ன விலை விற்கிறது! எப்படித்தான் குடும்பம் நடத்துகிறீர்கள்?"

இரண்டு பேரும் சொன்னது சரி. எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக இரண்டே சாமான், கற்பனை விலை. மதுரையில் அரிசி கிலோ 50 ரூபாய், கோதுமை மாவும் 50 ரூபாய். லூதியானாவில் அரிசி 60, மாவு 35. மதுரைக் குடும்பம் மாதம் 30 கிலோ அரிசியும் 6 கிலோ மாவும் வாங்குகிறது. மதுரையில் அதற்கு 1,800 ரூபாய். அதே பையை லூதியானாவில் நிரப்பினால் 2,010 ரூபாய். ஆக, லூதியானா 12% அதிகம். இப்போது பஞ்சாபிக் குடும்பத்தின் பையை எடுங்கள்: 4 கிலோ அரிசி, 40 கிலோ மாவு. மதுரையில் 2,200 ரூபாய், லூதியானாவில் 1,640 ரூபாய். ஆக, லூதியானா 25% குறைவு.

விலைகள் மாறவில்லை. ஒரே நாள், ஒரே கடை. பையை மாற்றியதும் விடை தலைகீழாகிவிட்டது.

புறப்படும் ஊரின் பையை வைத்துக் கணக்குப் போடும் முறைக்கு, 1871இல் அதை முன்வைத்த லாஸ்பெயர்ஸின் பெயர். போய்ச் சேரும் ஊரின் பையை வைப்பது 1874இல் பாஷே சொன்ன வழி. இருவரும் ஜெர்மானியர். அவர்கள் ஒப்பிட்டது ஊர்களை அல்ல, இரண்டு காலங்களை. ஆனால் கணக்கு ஒன்றுதான். சரி, இரண்டு விடை இருந்தால் சராசரி எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுத்துப் பாருங்கள். மதுரை 1 என்றால் லூதியானா ஒரு பையின்படி 1.117, மறு பையின்படி 0.745. கூட்டி இரண்டால் வகுத்தால் 0.931. இப்போது லூதியானாவை 1 என்று வைத்து, அங்கிருந்து மதுரையைப் பாருங்கள். அதே எண்கள் தலைகீழாகும்: 0.896, 1.341. சராசரி 1.118. போகும்போது 0.931, வரும்போது 1.118. இரண்டையும் பெருக்கினால் 1.04 வருகிறது. அதாவது காகிதத்திலேயே மதுரையிலிருந்து லூதியானா போய்த் திரும்பினால், மதுரை தன்னைவிடவே 4% விலை கூடிய ஊராகிவிடுகிறது!

அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் 1922இல் நூற்றுக்கும் மேற்பட்ட வாய்பாடுகளை எடுத்து இப்படி ஒவ்வொன்றாகச் சோதித்தார். போய்த் திரும்பினால் கணக்கு ஒன்றில் வந்து நிற்க வேண்டும் என்பது அவர் வைத்த சோதனைகளில் ஒன்று. அதில் தேறி, அவர் தலைசிறந்தது என்று பிடித்துக்கொண்டது பள்ளிக்கூடத்தில் நாம் படித்த பெருக்குச் சராசரிதான். இரண்டு விடைகளையும் கூட்டாமல் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். 1.117ஐ 0.745ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் 0.912. லூதியானா சுமார் 9% மலிவு. மறுபக்கத்திலிருந்து செய்தால் 1.096 வரும். இரண்டையும் பெருக்கினால் சரியாக 1. இந்தச் சமன்பாடு முதன்முதலில் என் காகிதத்தில் வந்து நின்றபோது ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை. அக்காவின் குறையையும் அந்தப் பஞ்சாபி அம்மாவின் குறையையும் சம மரியாதையோடு கேட்கும் கணக்கு இது.

இன்னொன்றும் உண்டு. அக்கா லூதியானாவில் மூன்றாம் வருடத்திலிருந்து இரவுக்குச் சப்பாத்திதான் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இட்லி. எது மலிவோ அந்தப் பக்கம் மனிதர்கள் சாய்வார்கள். ஆகவே பழைய பையையே தூக்கிக்கொண்டு போய்ப் போடும் கணக்கு, புது ஊரின் செலவைக் கூட்டித்தான் காட்டும். சோவியத் பொருளியலாளர் கோனியுஸ் 1924இல் இதைத் தெளிவாக்கினார். அதே சாமான்களை வாங்க எவ்வளவு என்று கேட்காதீர்கள், அதே அளவு திருப்தியாக வாழ எவ்வளவு என்று கேளுங்கள் என்றார். திருப்தியை எடை போடத் தராசு இல்லை. ஆனால் உண்மை விடை பெரும்பாலும் அந்த இரண்டு பைகளின் விடைக்கும் நடுவே எங்கோதான் இருக்கும். ஃபிஷரின் எண்ணும் அங்கேதான் விழுகிறது.

இதுவரை இரண்டு ஊர். மூன்றாவதாகக் கொல்கத்தாவைச் சேர்த்தால் புதுத் தலைவலி. மதுரைக்கும் லூதியானாவுக்கும் நேரே போட்டால் 0.91. மதுரைக்கும் கொல்கத்தாவுக்கும் ஒரு கணக்கு, கொல்கத்தாவுக்கும் லூதியானாவுக்கும் ஒரு கணக்கு என்று போட்டு இரண்டையும் பெருக்கினால் 0.94 வரலாம். ஒவ்வொரு ஜோடிக்கும் பைகள் வேறு, அதனால் சுற்றி வந்தால் முடிச்சு சேராது. நில அளவையாளர்களுக்கு இது பழகிய தொல்லை. 1802இல் ஆங்கிலேய ராணுவ அதிகாரி லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவையிலும் அளந்த கோணங்கள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்துவதில்லை. அப்போது பிழை முழுவதையும் ஒரு கோணத்தின் தலையில் கட்டாமல் எல்லாவற்றுக்கும் பங்குபோட்டுத் தருவதுதான் அளவையாளர் வழக்கம்.

விலைக் கணக்கிலும் வைத்தியம் அதேதான். இத்தாலியரான கொராடோ ஜினி 1931இல் சொன்ன யோசனை இது. வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் ‘ஜினி கெழு’வுக்குப் பெயர் தந்த அதே ஜினி. இரண்டு ஊர்களை ஒப்பிட நேர்வழியை மட்டும் நம்பாதீர்கள். பட்டியலில் உள்ள ஒவ்வோர் ஊர் வழியாகவும் போய்ப் பாருங்கள். கிடைத்த எல்லா விடைகளுக்கும் பெருக்குச் சராசரி எடுங்கள். நேர்வழி மட்டும் இருமுறை எண்ணப்படும், ஏனென்றால் ‘மதுரை வழியாக’, ‘லூதியானா வழியாக’ என்ற இரண்டும் அதே நேர்வழிதான். நம் உதாரணத்தில் 0.912, 0.912, 0.94 மூன்றையும் பெருக்கிக் கனமூலம் எடுத்தால் 0.92. இப்படி எல்லா ஜோடிகளுக்கும் செய்துவிட்டால், எந்த ஊரிலிருந்து தொடங்கி எப்படிச் சுற்றினாலும் முடிச்சு சேரும். மடக்கை எடுத்துப் பார்த்தால் இது அளவையாளர்கள் பிழையைப் பங்கிடும் ‘மீச்சிறு வர்க்க’ முறையேதான். மலை உச்சிகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் ஒரே கணிதம்! உலக வங்கி ஒருங்கிணைக்கும் பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டமும் இந்த முறையைத்தான் பயன்படுத்துகிறது. 2017ஆம் ஆண்டுக்கான அதன் கணக்கில் 176 நாடுகள் இருந்தன. அந்த ஆண்டு ஒரு டாலரின் சந்தை மதிப்பு 65.12 ரூபாய். ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலர் செய்யும் வேலையை இங்கே 20.65 ரூபாய் செய்தது. செல்போன் விலை எங்கும் ஏறக்குறைய ஒன்று, முடி வெட்டும் கூலி அந்தந்த ஊர்ச் சம்பளத்தைப் பொறுத்தது. இந்த இடைவெளிக்குப் பெரும்பகுதிக் காரணம் அதுதான்.

இந்தியாவுக்குள் இந்தக் கணக்கு மிக முக்கியமான ஓரிடத்தில் பயன்பட்டிருக்கிறது: வறுமைக் கோடு. பொருளியலாளர் சுரேஷ் டெண்டுல்கர் தலைமையில் 2009இல் அறிக்கை தந்த குழு, மக்கள் உண்மையில் கொடுத்த விலைகளைச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்து, ஃபிஷர் முறையில் மாநிலங்களை ஒப்பிட்டது. அந்த வழியில் 2011–12க்கு வந்த கோடுகளைப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு மாதத்துக்கு ஒடிசா கிராமத்தில் 695 ரூபாய், தமிழ்நாட்டுக் கிராமத்தில் 880, நாகாலாந்துக் கிராமத்தில் 1,270. அதே ஏழ்மையான வாழ்க்கைதான், ஆனால் நாகாலாந்தில் அதற்கு ஒடிசாவைப்போல் ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல் பணம் வேண்டும். கேரளத்தில் கிராமத்துக் கோடு 1,018, நகரத்துக் கோடு 987. நகரம் என்றாலே செலவு கூடுதல் என்ற நம்பிக்கையை இந்த இரண்டு எண்கள் உடைக்கின்றன. கோடே மிகத் தாழ்வானது என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது, அதில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் மாநிலங்களுக்கு இடையிலான விகிதம் என்ற பகுதி நல்ல அறிவியல்.

விலை சேகரிப்பதில் நுணுக்கம் ஏராளம். பொன்னி, மட்டை அரிசி, கோபிந்தோபோக் மூன்றையும் ‘அரிசி’ என்று ஒரே வரியில் எழுதினால் கணக்கு கெட்டுவிடும். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அந்த வரிசையில் விலை பூஜ்யம். விலை விகிதங்களைப் பெருக்கிச் சராசரி எடுக்கும் இடத்தில் ஒரு பூஜ்யம் நுழைந்தால் மொத்தமும் பூஜ்யமாகிவிடும். 2022–23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு இலவசப் பொருள்களுக்கு ஒரு மதிப்புப் போட்டுத் தனியாக இன்னொரு கணக்கும் தந்தது. வாடகை இதைவிடக் கஷ்டம், ஒன்றைப்போல் இன்னொரு வீடு கிடையாது. மத்திய அரசு ஊழியர்களுக்கு வீட்டு வாடகைப்படி 30%, 20%, 10% என்று மூன்று படிகளில் தருகிறார்கள். எந்தப் படி என்பதை முடிவுசெய்வது ஊரின் மக்கள்தொகை: 50 லட்சத்துக்கு மேல், 5 லட்சத்துக்கு மேல், அதற்குக் கீழ். தலைகளை எண்ணி வாடகையை ஊகிப்பது மிக முரட்டுத்தனமான அளவுகோல்.

அமெரிக்காவில் மாநிலவாரியான விலைமட்ட ஒப்பீட்டை அரசே ஆண்டுதோறும் வெளியிடுகிறது. நம்மிடம் அப்படி ஆண்டுதோறும் வரும் அதிகாரபூர்வப் பட்டியல் இல்லை. இத்தனைக்கும் 2012 வரிசைக் குறியீட்டெண்ணுக்காகவே 1,181 கிராமங்களிலிருந்தும் 1,114 நகரச் சந்தைகளிலிருந்தும் விலை திரட்டினார்கள். வெயிலில் நின்று விலை கேட்டு எழுதும் கஷ்டமான வேலை ஏற்கெனவே நடக்கிறது. மீதம் இருப்பது பொருளுக்குப் பொருள் பொருத்திப் பார்ப்பதும், பெருக்கி மூலம் எடுப்பதும்தான். அதற்குத் தேவை கொஞ்சம் புள்ளியியலாளர்கள், கொஞ்சம் கணினி, தொடர்ந்து வரும் சிறு நிதி. குறைந்தபட்சக் கூலி, ஓய்வூதியம், வறுமைக் கணக்கு எல்லாவற்றையும் தொடும் எண் இது. இதற்குப் பணம் ஒதுக்காமல் இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 2017–18 செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகளைத் தரம் சரியில்லை என்று சொல்லி வெளியிடாமலே விட்டார்கள். குறை இருந்தால் அந்தக் குறையோடு சேர்த்து ஆய்வாளர்களிடம் தந்திருக்க வேண்டும்.

வாசகருக்கு வருகிறேன். பட்டியல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டின் ஒரு மாதச் செலவை அளவோடு எழுதுங்கள்: எத்தனை கிலோ, எத்தனை லிட்டர், எத்தனை அறை வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம், பஸ். அதைப் புனே விலையில் போடுங்கள். அப்புறம் புனேயில் உங்களைப்போல் சம்பளம் வாங்கும் ஒரு சக ஊழியரிடம் அவர் வீட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதைத் திருநெல்வேலி விலையிலும் போட்டுப் பாருங்கள். முதலாவதில் புனேயைத் திருநெல்வேலியால் வகுங்கள், இரண்டாவதிலும் அப்படியே. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். அந்த எண்ணை இப்போதைய சம்பளத்தோடு பெருக்கினால் வருவதுதான் நீங்கள் கேட்க வேண்டிய தொகை. ஒருவேளை நிறுவனம் அவ்வளவு தர மறுத்து, அதைவிடக் கொஞ்சம் குறைத்துத் தந்தால், முதல் ஒரு வருடம் இடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்குச் சப்பாத்தி பழக மூன்று வருடம் ஆனது.